பழுவூர் வீதிகளில் ஒரு பகல்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மனின் நடை திங்கள், வெள்ளி முதலிய குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே திறக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் அம்மனை வழிபட்டுவிட்டு, அன்று மாலைக்குள் கங்கைகொண்ட சோழபுரத்தையும் கண்டுவிட வேண்டும் என்று திட்டமிட்டு வரும் குடும்பங்கள் பல. பெரம்பலூர் வழியாக வருவோர் அரியலூரை அடைந்ததும் செயங்கொண்டம் சாலையில் திரும்பிவிடுகின்றனர். திருச்சியிலிருந்து வருவோரோ கீழப்பழுவூர் நாற்சந்தியில் ஒரு தேநீர் அருந்தும் நேரம்கூட நிற்காமல் கிழக்கே விரைகின்றனர். இராசேந்திர சோழன் எழுப்பிய மாகோயில் அவர்களை அழைக்கிறது. அந்த அரசனின் குலத்துக்குப் பெண் கொடுத்த ஊரை இப்போதுதான் கடந்து வந்தோம் என்பது வண்டியில் இருப்போரில் பலருக்குத் தெரிவதில்லை.

அரியலூருக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் அமைந்தது கீழப்பழுவூர். திருச்சி – சிதம்பரம் சாலையும் அரியலூர் – தஞ்சாவூர் சாலையும் இங்கே குறுக்கிடுகின்றன. சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் பகல் முழுவதும் ஓடுவதால் சாலையோரத்து மரங்களின் இலைகள்மேல் வெண்தூசி படிந்திருக்கும். அந்தக் கல்லும் ஒரு பழங்கதை உடையதே. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் கடலடியில் கிடந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சிப்பிகளும் சங்குகளும் இன்றும் மண்ணிலிருந்து கிடைக்கின்றன. அரியலூரிலிருந்து வரும் வழியில் வாரணவாசியில் அவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளுடன் வருவோர் அங்கே அரைமணி நேரம் இறங்கலாம். இந்தக் கட்டுரை தேடிச் செல்வது அதைவிட மிக இளைய காலத்தை, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு நகரத்தை.

இன்று வரைபடத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என மூன்று ஊர்கள் காணப்படுகின்றன. சோழர் காலத்தில் இவை ஒரே நகரின் மூன்று பகுதிகளாக விளங்கின. கல்வெட்டுகள் அவற்றைச் சிறுபழுவூர், மன்னுபெரும்பழுவூர், அவனிகந்தர்வபுரம் என்று பெயர் சொல்லி அழைக்கின்றன. இந்நகரை ஆண்டவர்கள் பழுவேட்டரையர்கள். கல்கி 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ வழியாகத் தமிழ்க் குடும்பங்கள் அனைத்துக்கும் அறிமுகமான அதே குலத்தினர். மூன்று ஊர்களும் ஒருநாள் நடையில் அடங்குபவை. காரில் வந்து மூன்று கோயில்களின் வாயிலில் இறங்கி ஏறினால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் அப்படி வந்தவர் கண்டது மூன்று தனித்தனிக் கோயில்களாக மட்டுமே இருக்கும். ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குக் காலால் நடந்து சென்றால்தான், இடையிலுள்ள வயலும் குளமும் தெருவும் சேர்ந்து ஒரு நகரின் அகலம் எவ்வளவு என்பதைக் காட்டும்.

நடையைக் கீழப்பழுவூரில், காலைப் பூசை நேரத்தில் தொடங்குவது நல்லது. நாற்சந்தியின் இரைச்சலிலிருந்து சற்று உள்ளே சென்றதும் ஆலந்துறையார் கோயில் எதிர்ப்படுகிறது. ‘பழு’ என்றால் ஆலமரம். தலவிருட்சமும் ஆல். இறைவன் திருநாமமோ ஆலந்துறைநாதர், வடமொழியில் வடமூலநாதர். ஊர், மரம், இறைவன் ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் வேர்விட்டு நிற்கும் தலம் இது. காவிரியின் வடகரையில் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று.

இறைவி அருந்தவநாயகி. ஒருசமயம் அம்மை விளையாட்டாக இறைவனின் திருக்கண்களைத் தன் கைகளால் பொத்தினாள் என்றும், அக்கணமே உலகங்கள் அனைத்தும் இருண்டன என்றும், அந்தப் பிழை நீங்க அம்மை இவ்வாலமரத்தடியில் அருந்தவம் புரிந்தாள் என்றும் தலபுராணம் உரைக்கிறது. மூலவர் புற்றுமண்ணால் ஆன சுயம்புமூர்த்தி என்பது மரபு. பங்குனி மாதத்தில் கதிரவனின் ஒளி கருவறைக்குள் புகுந்து இலிங்கத் திருமேனியைத் தொடும் நாளை ஊரார் காத்திருந்து வணங்குகின்றனர். உலகை இருளாக்கிய கதை நிகழ்ந்த இடத்திலேயே ஒளியைக் கொண்டாடும் வழக்கமும் அமைந்திருப்பது கருதத்தக்கது.

உள்ளே செல்வோர் கருவறை நோக்கி விரையாமல் வாயிலின் மேற்புறத்தைச் சற்றே அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே பரசுராமர் சயனக் கோலத்தில் செதுக்கப்பட்டிருக்கிறார். தந்தையின் ஆணையால் தாயைக் கொன்ற பாவம் தீர அவர் இத்தலத்து இறைவனை வழிபட்டார் என்பர். பரசுராமரைக் கையில் மழுவுடன் சினந்து நிற்பவராகவே ஓவியங்களில் கண்டு பழகிய கண்களுக்கு, இளைப்பாறிக் கிடக்கும் இந்தத் திருவுருவம் புதிது. சுமை இறங்கியவனின் உறக்கம் போலும்!

பரசுராமர் என்றதும் கேரளம் நினைவுக்கு வரும். கடலைப் பின்வாங்கச் செய்து அந்நிலத்தை அவரே உண்டாக்கினார் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. சோழநாட்டின் நடுவே, கொள்ளிடத்துக்கு வடக்கேயுள்ள ஓர் ஊருக்கும் அவருக்கும் தொடர்பு ஏற்பட்டது எவ்வாறு? இதற்கு விடை தேடப் புகுவோருக்கு இரண்டு பழஞ்சான்றுகள் கைகொடுக்கின்றன. முதலாவது, ஏழாம் நூற்றாண்டில் இத்தலத்துக்கு வந்த திருஞானசம்பந்தரின் பதிகம். இரண்டாம் திருமுறையில் அமைந்த அப்பதிகத்தில், இங்கே இறைவனைப் போற்றும் அந்தணர்களைப் பிள்ளையார் ‘மலையாளர்’ என்றே குறிக்கிறார். இரண்டாவது, சுந்தர சோழன் தன் அமைச்சர் அநிருத்த பிரமராயருக்கு வழங்கிய அன்பில் செப்பேடு. முதலாம் பராந்தக சோழன் மணந்த பழுவேட்டரையரின் மகளைப் பற்றிக் கூறும் இடத்தில், அப்பழுவேட்டரையரை அது கேரள அரசர் என்று சுட்டுகிறது. புராணம், பதிகம், செப்பேடு ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு நோக்கத்தவை. மூன்றும் மேற்கு மலைகளுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு கூட்டத்தாரின் அடிச்சுவட்டையே காட்டுகின்றன. மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் தம் நாட்டுத் தெய்வக்கதையையும் உடன் கொணர்ந்து, ஆலமரத்தடியில் குடியிருந்த சோழநாட்டு ஈசனிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

அதே பதிகம் இவ்வூரின் வீதிகளையும் நமக்குத் தருகிறது. மாடங்களின் உச்சியில் ஏறிப் பெண்கள் பாடும் ஒலி நிறைந்த ஊர் என்றும், மறைமொழி ஓதுவோர் இறைவனின் பாதம் போற்றும் ஊர் என்றும் சம்பந்தர் பழுவூரை வருணிக்கிறார். கோயிலை வலம் வந்து வெளியே இறங்கும்போது, அடுக்கு மாடங்கள் இருந்த இடத்தில் ஓட்டு வீடுகளும் காங்கிரீட் வீடுகளும் கலந்து நிற்பதைக் காணலாம். வாசல் தெளித்துக் கோலம் இட்ட தெருவில் எங்கோ ஒரு வீட்டு வானொலியிலிருந்து பாட்டு வரவும் கூடும். பதிகத்தைப் படித்துவிட்டு நடப்பவருக்கு அது வெறும் வானொலிப் பாட்டாகக் கேட்பதில்லை.

புறப்படுவதற்கு முன் கோயிற் சுவர்களுக்குச் சிறிது நேரம் ஒதுக்க வேண்டும். எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர்களும் விரலால் தொடாமல் கண்ணால் தடவிப் பார்க்கலாம். இக்கோயிலில் பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 919ஆம் ஆண்டுக்கு உரிய கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டிய மன்னன் ஈழத்துப் படையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வேளூரில் சோழருடன் மோதிய பெரும்போரை அது நினைவுகூர்கிறது. அப்போரில் சோழர் பக்கம் நின்று பொருதவர் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார். பரதூரைச் சேர்ந்த நக்கன் சாத்தன் என்னும் படைவீரன், போரில் கிட்டிய வெற்றிக்கு நன்றியாகத் திருவாலந்துறை மகாதேவருக்கு நிவந்தம் அளித்தான் என்பதே அதன் செய்தி. அரசர்களின் மெய்க்கீர்த்திகள் பல படித்திருக்கலாம். களத்திலிருந்து உயிரோடு மீண்ட ஒரு வீரன் ஊர்த்தெய்வத்தின் முன் வந்து நின்ற அந்த நாளின் சுவடு, கல்லில் இவ்வளவு எளிமையாகக் கிடைப்பது அரிது.

நிவந்தங்களில் மிகுதியானவை விளக்குக்காக அளிக்கப்பட்டவை. இதில் அக்காலத்தார் செய்த ஏற்பாடு நுட்பமானது. பணம் கொடுத்தால் செலவாகிவிடும். ஆகவே ஆடுகளைக் கொடுத்தனர். ஒரு நந்தாவிளக்கு அல்லும் பகலும் அணையாமல் எரியத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் என்பது சோழநாட்டு வழக்கு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்து கொடுக்க வேண்டும். கிழடு தட்டியவை கழியக் குட்டிகள் வந்து சேரும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. அதனால் அம்மந்தைக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை! சந்திர சூரியர் உள்ளவரை விளக்கு எரிய வேண்டும் என்று எழுதிவைத்தவர்கள், அதற்கான கணக்கையும் உயிருள்ள ஒன்றின்மேல் ஏற்றிவைத்தார்கள். வட்டிக் கணக்குப் பார்த்துப் பழகிய நம் காலத்தவர் இந்த ஏற்பாட்டின்முன் சிறிது நேரம் நிற்கத்தான் வேண்டும்.

இனி மேற்கே நடக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரமாக நடப்பது சிறுவர்களுக்கும் முதியோருக்கும் ஏற்றதன்று. உள்ளூராரிடம் கேட்டு ஊருக்குள்ளாகச் செல்லும் தெருக்களைப் பிடித்துக்கொள்வது நன்று. வழிகேட்டால் ஒருவர் சொல்ல இன்னொருவர் திருத்துவார். இறுதியில் மூன்றாமவர் சிறிது தூரம் உடன் வருவார். வெயில் ஏறுமுன் நடந்துவிடுவதே சுகம். பங்குனி, சித்திரையில் இந்த மண்ணின் வெப்பம் கடுமையானது. மார்கழி, தை மாதங்களில் வந்தால் நடை இனிது. அப்பருவத்தில் அண்மையிலுள்ள கரைவெட்டி ஏரிக்கு வலசை வரும் பறவைகளும் வானில் வரிசையாகத் தென்படும். 2024ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஏரி அது. அதைக் காண்பதற்குத் தனியே ஒருநாள் வேண்டும்.

மேலப்பழுவூரே பழைய மன்னுபெரும்பழுவூர். இங்குள்ள சிவாலயத்தைக் கல்வெட்டுகள் பகைவிடை ஈசுவரம் என்று கூறுகின்றன. இருந்த இடத்திலேயே அமைதியாக இருக்கும் கோயில். நண்பகலில் நடை சாத்தியிருந்தால் வெளியில் நின்று வணங்கி, ஊருக்குள் ஒரு நிழல் பார்த்து அமர்ந்து கட்டுச்சோற்றை முடித்துக்கொள்ளலாம். புளியோதரைக்கு இதைவிடப் பொருத்தமான வேளை கிடையாது.

திரைப்படமாக ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்த 2022, 2023ஆம் ஆண்டுகளுக்குப் பின் இங்கு வருவோரிடம் இயல்பாக எழும் கேள்வி, ‘பழுவேட்டரையரின் அரண்மனை எங்கே?’ என்பது. நிமிர்ந்து நிற்கும் மாளிகையோ மதிலோ இவ்வூர்களில் இல்லை. நந்தினியைத் தேடுவோருக்கும் ஏமாற்றமே. அவள் கல்கியின் கற்பனையில் பிறந்தவள். ஆனால் கதையைவிட வலிய செய்தி ஒன்று இங்கே காத்திருக்கிறது. பராந்தகனுக்கும் பழுவூர்ப் பெண்ணுக்கும் பிறந்தவன் அரிஞ்சயன். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன். அவன் மகன் முதலாம் இராசராசன். எனில், தஞ்சைப் பெருங்கோயிலை எழுப்பியவனின் பாட்டனைப் பெற்றவள் இவ்வூர்ப் பெண். அவளை இராசராசனின் கொள்ளுப்பாட்டி என்று வீட்டு வழக்கில் சொன்னால் பிள்ளைகளுக்கும் விளங்கும். அதோடு நிற்கவில்லை உறவு. இராசராசனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவியும் பழுவூர்க் குலத்துப் பெண்ணே. பட்டீசுவரம் அருகே, தன் சிற்றன்னையான அத்தேவியின் நினைவாக இராசேந்திரன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இன்றும் நிற்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு விரைந்து செல்லும் வண்டிகள் கடந்து போவது அந்த அரசகுலத்தின் தாய்வீட்டு வாசலை.

பிற்பகலில், வெயில் சாய்ந்தபின் கீழையூருக்குச் செல்ல வேண்டும். இதுவே அவனிகந்தர்வபுரம். ‘அவனி கந்தர்வன்’ என்பது பழுவேட்டரையரின் பட்டப்பெயர். அப்பெயரால் எழுந்த அவனிகந்தர்வ ஈசுவரகிருகத்தை ஊரார் இரட்டைக்கோயில் என்றே சொல்கின்றனர். ஒரே திருச்சுற்றுக்குள் இரண்டு சிவாலயங்கள் அருகருகே மேற்கு நோக்கி நிற்கின்றன. கல்வெட்டுகளில் தென்வாயில் ஸ்ரீகோயில், வடவாயில் ஸ்ரீகோயில் என்று அழைக்கப்படுபவை இன்று அகத்தீசுவரம், சோழீசுவரம் என வழங்குகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முற்காலச் சோழக் கலை முகிழ்த்துக்கொண்டிருந்த நாளில் எழுந்தவை.

வாயிலைக் கடந்து உள்ளே நுழைபவரை முதலில் தாக்குவது அளவு. தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் விமானத்தைக் காணக் கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டும். இங்கே விமானம் நம்முடன் முகத்துக்கு முகம் பேசும் உயரத்தில் இருக்கிறது. பூதகணங்களின் சிரிப்பும், தூணடியில் அமர்ந்த சிம்மங்களின் மிடுக்கும், நந்தியின் கழுத்து மணிகளும் எவ்விதக் கருவியும் இன்றிக் கண்ணுக்கு எட்டுகின்றன. இரண்டு கோயில்களையும் இரண்டு முறை வலம் வர வேண்டும். முதல் வலத்தில் ஒன்றுபோல் தோன்றுபவை, இரண்டாம் வலத்தில் இரு வேறு குணமுடைய உடன்பிறந்தார்போல் பிரியத் தொடங்கும். எது மூத்தது, எது இளையது என்று குடும்பத்துக்குள் ஒரு வழக்காடலே நடத்தலாம். பெரிய கோயில்களின் பிரம்மாண்டத்தில் பக்தன் சிறுத்துப் போகிறான். கீழையூரில் அவன் தன் அளவிலேயே நின்று கும்பிடுகிறான். கட்டியவர்கள் குறுநில மன்னர்களாக இருந்ததால் நமக்குக் கிட்டிய பேறு இது.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் கற்கள் தூய்மையாக உள்ளன, புல்தரை வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாமையைச் சுற்றுலாப் பயணி வரமாகக் கருதலாம். வழிபடும் குடும்பம் அவ்வாறு கருத இயலுமா? சந்திர சூரியர் உள்ளவரை என்று வெட்டிவைத்த எழுத்து சுவரில் இருக்கிறது. அந்த எழுத்தை நிறைவேற்ற வேண்டிய ஆடுகளும் இல்லை, உழக்கும் இல்லை, நெய் அளந்த இடையர் மரபும் இல்லை. தொல்லியல் துறை காப்பது கல்லை. திரிக்கு எண்ணெய் வேண்டுமானால் அது வருவோரின் கையிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே பழுவூர்ப் பகுதிக்குப் புறப்படுவோர் பூவும் கற்பூரமும் வாங்கும்போது ஒரு புட்டி நல்லெண்ணெயையும் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது. பாதுகாக்கப்பட்ட மண்டபத்தில் நாமாக எங்கும் விளக்கேற்றலாகாது. கல்லில் கரி படியும். எண்ணெய் ஊறிச் சிற்பம் கெடும். பூசை செய்பவரிடமோ காவலரிடமோ கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

மேற்கு நோக்கிய சந்நிதி ஆதலால் மாலை இங்கே மெதுவாக வருகிறது. கீழ்வானம் மங்கிய பின்னும் இரு கோயில்களின் முகப்பிலும் பொன்வெயில் தங்கி நிற்கும். அந்த வேளையில் திருச்சுற்றின் ஓரத்தில் அமர்ந்து, காலையில் கண்ட பரசுராமரையும் பகலில் கடந்த தெருக்களையும் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். சம்பந்தரின் பழுவூர்ப் பதிகம் மனப்பாடமாக உள்ள பெரியவர் உடன் இருந்தால் ஒரு பாட்டாவது சொல்லக் கேட்கலாம்.

இருட்டுவதற்குள் மேலப்பழுவூர்ச் சாலைக்குத் திரும்பிவிட்டால் பேருந்து கிடைக்கும். திருச்சிக்குச் செல்வோர் அங்கேயே ஏறிக்கொள்ளலாம். அரியலூர், பெரம்பலூர் பக்கம் செல்வோர் கீழப்பழுவூர் வந்து வண்டி மாற வேண்டும். தஞ்சாவூர் செல்வோருக்கும் அதே நாற்சந்திதான். திருமானூர், கொள்ளிடம், திருவையாறு என்று நீளும் அந்தச் சாலை பெரிய கோயிலின் வாசலில் கொண்டுபோய் விடும்.